2,300 ரூபாய் லென்ஸ், உள்ளே பூஞ்சை... கள்ளக்குறிச்சியில் கழற்றினோம், கல்வராயன் மலையில் சோதித்தோம்!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு மொபைலில் எதையும் வாங்கக் கூடாது. தெரிந்தும் வாங்கினேன். 'ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., கண்டிஷன் சூப்பர், லைட்டா தூசி' என்று ஒரு விளம்பரம். விலை 2,300 ரூபாய். மேசை மேல் வைத்து எடுத்த மூன்று படங்கள், மூன்றுமே முன்பக்கக் கண்ணாடி மட்டும். நான்கு நாளில் பார்சல் வந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம், முழுக்க உலோகம், வளையங்கள் சுற்றுகின்றன. சந்தோஷமாக அந்த வாரக்கடைசியே பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

காரணம், சித்தப்பா. கறுப்பு வெள்ளை ஃபிலிம் காலத்தில் தொழில் கற்று, கலர் ஃபிலிம் காலத்தில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து, டிஜிட்டல் வந்த பிறகு மூடியவர். லென்ஸைப் பார்த்ததும் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கி, மூடியைக் கழற்றி, என் மொபைலின் டார்ச்சைப் போட்டுப் பின்பக்கத்தில் இருந்து அடித்தார். ஒரு பத்து விநாடி பார்த்திருப்பார்.

"வாங்குறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தியா பாப்பா?"

"ஆன்லைன்ல எப்படி சித்தப்பா அடிக்கிறது?"

"வித்தவன அடிக்கச் சொல்லி வீடியோ அனுப்பச் சொல்லணும். இந்தா, நீயே பாரு."

பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம், ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி, சிலந்தி வலையைப் பிய்த்து ஒட்டியது மாதிரி மெல்லிய நூல்கள். ஃபங்கஸ். தமிழில் பூஞ்சை. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சாய்த்து வெளிச்சம் அடித்தால் ஒரு குட்டிக் காடே தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த லென்ஸைப் பற்றியது. பழைய லென்ஸ் வாங்கலாமா என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு யோசிக்கும் எல்லோருக்கும்.

இந்தப் பழைய லென்ஸுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஹீலியோஸ் 44 என்பது சோவியத் யூனியனில் ஸெனிட் கேமராக்களோடு சேர்த்து லட்சக்கணக்கில் தயாரித்து விற்ற லென்ஸ். மாஸ்கோவுக்கு அருகே உள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையின் தயாரிப்புகள்தான் அதிகம் கிடைக்கும். வடிவமைப்பு அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே செய்த 'பயோட்டார் 58 மி.மீ.' லென்ஸின் வழியில் வந்தது. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். முழுதாகத் திறந்தால் எஃப் 2.

எஃப் 2-வில் எடுத்தால் பின்னணியில் இருக்கும் இலைகள் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல வரும். லென்ஸ் வடிவமைப்பின் குறைதான் அது. ஓரத்தில் வரும் ஒளி லென்ஸ் குழாயில் இடித்து வெட்டுப்படுவதால், வட்டமாக வரவேண்டிய ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் வடிவத்துக்கு மாறுகின்றன. அவை எல்லாம் நடுப்புள்ளியைச் சுற்றி வளைந்து நிற்பதால் சுழல் போலத் தெரிகிறது. இன்றைய லென்ஸ்கள் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒழித்துக்கட்டிய இந்தக் குறையைத்தான் நாம் இப்போது காசு கொடுத்துத் தேடுகிறோம். ஹாலிவுட்டும் விலக்கில்லை. 'டூன்: பாகம் 2' படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், சினிமா வேலைக்கு ஏற்றபடி புது உடல் மாட்டிய பழைய சோவியத் லென்ஸ்களையும் பயன்படுத்தினார்.

சரி, 40 வருஷத்துக்கு முந்தைய ரஷ்ய லென்ஸ் இன்றைய கேமராவில் எப்படிப் பொருந்தும்? இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. ஹீலியோஸ் பயன்படுத்தும் எம்42 என்ற திருகு மாட்டத்துக்கு அது 45.46 மி.மீ. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஏ6000, மிரர்லெஸ் கேமரா. அதில் வெறும் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு காலிக் குழாய் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். அந்தக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை, அதனால்தான் மலிவு. கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 மி.மீ.; இவற்றிலும் பிரச்னை இல்லை.

பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் தூரம் 46.5 மி.மீ., எம்42-ஐ விட ஒரு மில்லிமீட்டர் அதிகம். லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட முன்னால் தள்ளி நிற்கும்; கிட்டே இருப்பதைத்தான் எடுக்கலாம், தூரத்து மலை எந்நாளும் தெளியாது. 'கண்ணாடி வைத்த அடாப்டர்' என்று விற்பார்கள். அது தரத்தைக் கெடுக்கும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆர் என்றால் பழைய நிக்கான் லென்ஸ்களையே தேடுங்கள். கேனான் டி.எஸ்.எல்.ஆர் 44 மி.மீ., ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று போதும்.

டார்ச் அடித்தால் என்னென்ன தெரியும்?

சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அன்று மத்தியானம் எனக்கு நடந்த பாடம் இது. வாங்கும் முன் நடந்திருக்க வேண்டிய பாடம்.

தூசியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 40 வருஷ லென்ஸில் தூசி இல்லையென்றால்தான் சந்தேகப்படணும். முன் கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல்களும் படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசியுங்கள். அது சென்சாருக்கு அருகில் இருப்பதால் பாதிப்பு அதிகம். கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி வெளிறி இருந்தால் அது ஹேஸ். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிவது, துடைத்தால் போய்விடும் வாய்ப்பு உண்டு. ஓரத்தில் வானவில் நிறத்தில் பட்டை தெரிந்தால் வாங்கவே வேண்டாம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஹீலியோஸில் இப்படி ஒட்டிய ஜோடிகள் இரண்டு இருக்கின்றன.

கண்ணாடி மஞ்சளாக இருந்தால் வேறு கதை. சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 மாதிரியான சில பழைய ஜப்பானிய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். லேசான கதிரியக்கம் உண்டு, வருஷக்கணக்கில் மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் மஞ்சள் குறையும். படம் எடுக்கப் பயன்படுத்துவதில் பயமில்லை. அதைத் தேய்ப்பது, உடைப்பது மட்டும் கூடாது.

அடுத்து, அப்பர்ச்சர் இலைகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பார்க்கணும். கேமரா தானே மூடித் திறக்கும் வகை லென்ஸ்களில் எண்ணெய் படிந்தால் இலைகள் சோம்பேறியாகி, படம் வெளிறிப்போகும். ஹீலியோஸ் 44-2-வில் நாமே கையால் வளையத்தைத் திருப்பித்தான் மூடுகிறோம், அதனால் அவ்வளவு பாதிப்பில்லை. திருகுகளின் தலையைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் கழற்றிப் பார்த்திருக்கிறார். அவருக்கு வேலை தெரிந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

என் லென்ஸில் தூசி, ஓரளவு ஹேஸ், பின் கண்ணாடியில் பூஞ்சை. ஒட்டுப் பசை நல்லா இருந்தது. "பொழச்சுக்கும்" என்றார் சித்தப்பா.

பூஞ்சை கண்ணாடியைத் தின்னுமா?

தின்னாது. அதன் சாப்பாடு கண்ணாடி மேல் படிந்த தூசி, துணிநூல், கிரீஸ், விரல்ரேகை. ஆனால் வளரும்போது அமிலத்தைக் கக்குகிறது. அது முதலில் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரிக்கும், பிறகு கண்ணாடியையே. ஸைஸ் நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது: ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் மூன்று நாட்களுக்கும் அதிகமாக நீடித்து, வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருந்து, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டு பீரோ எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லென்ஸோடு கொடுக்கும் அழகான தோல் உறை இன்னும் மோசம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே சித்தப்பா ஒரு கதை சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

ஸ்டூடியோ ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாணம், கார்த்திகை கடைசி முகூர்த்தம். மழைக்காலம் முழுக்க லென்ஸ் தோல் உறையில் இருந்திருக்கிறது. அவர் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, அந்தப் பழக்கமே அப்போது இல்லை. மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால் சீரியல் பல்புகள், வீடியோக்காரரின் பெரிய லைட் வேறு. ஃபிலிமில் அங்கேயே பார்க்க முடியாதே? ரோல்களை வெளியூர் லேபுக்கு அனுப்பி, பிரிண்ட் வந்தபோதுதான் தெரிந்தது. வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படம் எல்லாம் புகைமூட்டம். தாலி கட்டும் படம் உட்பட.

"பொண்ணோட அப்பா ஒண்ணும் திட்டல. ஆல்பத்தைப் பெரட்டிப் பாத்துட்டு, 'எங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு தம்பி'ன்னு மட்டும் சொன்னாரு. காச திருப்பிக் குடுத்தேன், வாங்கல."

இப்போது டிஸ்ப்ளேயில் உடனே பார்த்துவிடலாம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூன்று இன்ச் திரையில் லேசான ஹேஸ் தெரியாது, 'சினிமாட்டிக் லுக்' என்று தோன்றும். வேலை நேரம் போக வாரக்கடைசியில் பிறந்தநாள், வளைகாப்பு என்று படம் எடுத்துச் சம்பாதிக்கும் நண்பர்கள் எனக்கே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெடிக்கலில் 'காயமா?' என்று கேட்டார்கள்

சுத்தம் செய்யும் சாமான்கள் எல்லாமே கள்ளக்குறிச்சியிலேயே கிடைத்தன, ஒன்றைத் தவிர. மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவ விற்பது 6 சதவீதக் கரைசல். அதோடு சம அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 சதவீதம். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடையில். மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அவர்கள் வாயில் ஐ.பி.ஏ. ரப்பர் கையுறை, காது குடையும் பஞ்சுக் குச்சி, மூக்குக் கண்ணாடிக் கடையின் மைக்ரோஃபைபர் துணி, காற்று அடிக்கும் ரப்பர் பம்ப். ஆன்லைனில் வாங்கியது லென்ஸ் ஸ்பேனர் மட்டும், 450 ரூபாய். அது அடுத்த முறை ஊருக்கு வரும்போதுதான் கையில் இருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரு மாத இடைவெளி இருக்கிறது.

ஸ்பேனரைத் தவிர்க்க நினைக்காதீர்கள். பின்பக்கக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அதில் கத்தரிக்கோல் முனையை வைத்துத் திருப்பினால் ஒரே வழுக்கல், கண்ணாடியில் கீறல். பூஞ்சை தேவலை என்று ஆகிவிடும்.

வளையம் இறுகியிருந்தது. ஒரு சொட்டு ஐ.பி.ஏ-வைக் குச்சியால் வளையத்தின் ஓரத்தில் மட்டும் தடவிக் கால் மணி நேரம் விட்ட பிறகு அசைந்தது. துணி விரித்த தாம்பாளத் தட்டில்தான் கழற்றணும் என்பது சித்தப்பாவின் சட்டம். உருளும் எதுவும் தட்டைத் தாண்டாது. மின்விசிறி நிறுத்தம். ஒவ்வொரு படியையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். எந்தக் கண்ணாடி, எந்தப் பக்கம் மேலே என்று. நான் எடுத்தேன், எல்லாவற்றையும் எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.

முதலில் பம்பால் தூசியை ஊதி அகற்ற வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளிகள் போய் உட்காரும்; ஈரம் பூஞ்சைக்கு விருந்து. பிறகு பெராக்சைடில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பூஞ்சை இருக்கும் பரப்பைத் தடவி, ஒரு நிமிஷம் விட்டு, அழுத்தாமல் நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுற்றித் துடைக்க வேண்டும். மறுபடியும் ஒரு தடவை. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐ.பி.ஏ. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. ஒட்டிய ஜோடிக் கண்ணாடியைக் கரைசலில் ஊறப்போடவே கூடாது, ஓரம் வழியாக இறங்கிப் பசையைக் கெடுக்கும். கண்ணாடியின் விளிம்பில் பூசிய கறுப்பு பெயின்ட்டிலும் ஐ.பி.ஏ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் அது கரைந்து வரும்.

பெராக்சைடோடு அம்மோனியா கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. நெடி கடுமை, மூடிய அறையில் ஆபத்து. எனக்கு அது தேவைப்படவில்லை. பிளீச்சிங் பவுடர் மாதிரி எதையும் எதோடும் கலக்காதீர்கள். யூடியூபில் ஒருவர் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறார். அது மெருகுத் தூள். கோட்டிங் மொத்தமும் போகும்.

'வெயில்ல வச்சா பூஞ்சை செத்துரும்' என்பது இன்னொன்று. சூரியனின் புற ஊதா ஒளி பூஞ்சையைக் கொல்லக்கூடும், ஆனால் செத்த பூஞ்சையின் நூலும் அது அரித்த தடமும் அங்கேயேதான் இருக்கும். அதைவிட முக்கியம், லென்ஸ் என்பதே உருப்பெருக்கிக் கண்ணாடி. வெயிலில் மூடியில்லாமல் வைத்தால் குவியும் ஒளி கீழே இருக்கும் துணியைப் பற்றவைக்கும்.

முக்கால் மணி நேரத்தில் நூல்கள் போய்விட்டன. டார்ச் அடித்தால் ஓரத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இரண்டு மங்கலான கோடுகள். அது அரிப்பு, போகாது. "அது இருந்துட்டுப் போவட்டும்" என்றார். ஃபோகஸ் வளையம் கொஞ்சம் இறுக்கம். தையல் மெஷின் எண்ணெய் விடலாமா என்று கேட்டதற்கு முறைத்தார். எண்ணெய் வழிந்து இலைகளுக்குப் போகும். அந்த மறைக்குத் தனி கிரீஸ் இருக்கிறது. அதை இன்னொரு நாளைக்கு விட்டோம்.

செய்தித்தாள் சொன்ன உண்மை

சோதிக்க ஒரு செய்தித்தாளும் சுவரும் போதும். முழுப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தணும். நேராக இருக்கிறதா என்பதற்கு ஒரு தந்திரம்: தாளின் நடுவில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைத்து, அதில் உங்கள் லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்துங்கள். அடாப்டர் போட்டால் லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கு' என்ற அமைப்பை மெனுவில் ஆன் செய்யணும். ஐ.எஸ்.ஓ 100, இரண்டு விநாடி டைமர். எஃப் 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக. ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கி வைத்துப் பாருங்கள்.

எங்கள் முதல் படம்: நடுவில் தலைப்பு ஓரளவு தெளிவு. நான்கு மூலைகளிலும் எழுத்து கரைந்து, தண்ணீரில் விழுந்த தாள் மாதிரி. எஃப் 8-க்கு மூடியும் மூலைகள் தேறவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2,300 ரூபாயோடு ஸ்பேனர் காசும் போச்சு.

சித்தப்பா நிதானமாக நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தார். இதை நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்: ஒரு மூலை மட்டும் மங்கல் என்றால், கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது அடாப்டர் கோணல். நான்கு மூலையும் ஒரே மாதிரி மங்கல் என்றால் கோணல் இல்லை. கண்ணாடிகளின் வரிசையிலேயே ஏதோ தப்பு.

"பின் கண்ணாடியக் கவுத்துப் போட்டுட்ட."

போட்டோக்களைத் தேடினேன். அந்தக் கண்ணாடியை எடுத்த படம் மட்டும் இல்லை. அதன் இரண்டு பக்கமும் குவிந்துதான் இருக்கும், ஆனால் வளைவு ஒரே அளவு இல்லை. கழற்றித் திருப்பிப் போட்டோம். இரண்டாவது வரிசையில் எஃப் 2-விலேயே நடுப்பகுதி எழுத்தைப் படிக்க முடிந்தது. எஃப் 5.6-ல் மூலைவரை துல்லியம். எஃப் 16-க்குப் போனால் மறுபடி லேசாக மென்மையாகும், அது எல்லா லென்ஸிலும் ஒளி சின்னத் துளையில் சிதறுவதால் வருவது. சுழல் விளைவு இன்னும் வேண்டும் என்று முன் கண்ணாடியை வேண்டுமென்றே கவிழ்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நான் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சுத்தம் செய்யும் முன்பு ஜன்னல் கம்பிகளை வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுத்து வைத்திருந்தோம். அதே இடம், அதே அளவுகளில் இன்னொன்று. முதல் படத்தில் கம்பி சாம்பல் நிறம். இரண்டாவதில் கறுப்பு.

மலைக்கு ஏன் போகணும்?

அறைக்குள் தெரியாத ஒன்று, முடிவிலி. தூரத்தில் இருப்பது தெளிகிறதா என்பது. அதற்கு நிஜமாகவே தூரம் வேண்டும். மறுநாள் காலையில் கச்சிராயப்பாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்குப் பைக்கில் ஏறினோம். விழுப்புரத்தில் இருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கு ஓரம் முழுக்கக் கல்வராயன்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கீழே கரும்பும் நெல்லும், மேலே மரவள்ளியும் சாமையும்.

ஒரு வளைவில் நிறுத்தி எதிர் மலைமுகட்டைக் குறிவைத்தோம். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பிய பிறகும் முகடு தெளியவில்லை என்றால் அடாப்டர் தடிமன் அதிகம். அதை மாற்றித்தான் ஆகணும். முகடு தெளிந்த பிறகும் வளையம் இன்னும் கொஞ்சம் திரும்பினால் அடாப்டர் ஒரு மயிரிழை மெலிசு. மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான், அதில் பாதகமில்லை. எங்களுடையது இரண்டாவது ரகம். லென்ஸில் உள்ள தூரக் குறிகளை நம்பாமல் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் போதும்.

அடுத்து எதிர்வெயில். சூரியனை நேராக வைத்து எடுத்தால் சென்சாருக்கும் கண்ணுக்கும் ஆபத்து. பலாமர இலைகளுக்குப் பின்னால் பாதி மறைய வைத்துச் சட்டென்று இரண்டு படம். அந்தக் காலத்துக் கோட்டிங், கறுப்புகள் வெளிறத்தான் செய்தன, குறுக்கே ஒரு ஒளிவளையமும் வந்தது. ஆனால் பழைய புகைமூட்டம் இல்லை. லென்ஸுக்கு மேலே கையால் நிழல் பிடித்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடுகிறது.

வெள்ளிமலை பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். மலைக்கு வருகிற எல்லோரும் கேட்காமலே எடுக்கிறார்கள் என்று முதலில் கோபித்துக்கொண்டார். நியாயம்தானே? பிறகு, "எடுத்தா கொண்டாந்து குடுக்கணும்" என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டார். இரண்டு மீட்டர் தள்ளி, எஃப் 2. என் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 58 மி.மீ. அதில் 87 மி.மீ. மாதிரி வேலை செய்யும், முகத்துக்குப் பொருத்தமான அளவு. பின்னால் இருந்த புதர் லேசாகச் சுழன்றது. சின்ன சென்சார் ஓரத்தை வெட்டிவிடுவதால் ரீல்ஸில் பார்க்கிற அளவுக்குச் சுழலாது, அதற்கு ஃபுல் ஃபிரேம் கேமரா வேண்டும். 11 படங்களில் கண் தெளிவாக வந்தது நான்கில். பாட்டி அசைந்தார், நானும் அசைந்தேன், ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. பிரிண்ட் போட்டாச்சு, அடுத்த முறை கொண்டுபோகிறோம்.

நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது. முன் கண்ணாடி நிமிஷத்தில் வேர்த்தது. துடைத்துத் துடைத்து எடுக்காமல் பைக்குள் வைத்து மூடிவிட்டோம். குளிரில் இருந்து இறங்கி வந்ததும் கீழே பையைத் திறக்கக் கூடாது. பையோடு ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு திறந்தால் உள்ளே ஈரம் படியாது.

கணக்கும் முடிவும்

லென்ஸ் 2,300, அடாப்டர் 900, ஸ்பேனர் 450, மற்ற சாமான்கள் 380. மொத்தம் 4,030 ரூபாய், இரண்டு வாரக்கடைசிகள். ஜாலிக்காக, ஊர் சுற்றும்போது, நண்பர்களை எடுக்க... கண்டிப்பாக வாங்கலாம். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் நிகழ்ச்சிக்கு இது வேண்டாம். 11-க்கு நான்கு என்ற கணக்கில் தாலி கட்டுவதை எடுக்க முடியாது. அதற்கு உங்கள் கேமரா நிறுவனத்தின் ஆட்டோ ஃபோகஸ் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். அதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசி மாவு லென்ஸ் மேல் படியும், அதுவும் பூஞ்சைக்குச் சாப்பாடுதான். புது லென்ஸ்களோடு இதைச் சேர்த்து வைக்காமல் சில மாதம் தனி டப்பாவில் வைத்துக் கவனிக்கிறேன்.

கிளம்பும் நாள் காலையில் சித்தப்பா பீரோவின் மேல்தட்டில் இருந்து ஒரு பழுப்பு நிறத் தோல் உறையை எடுத்துவந்தார். உள்ளே அவருடைய யாஷிகா எஃப்எக்ஸ்-3, அதோடு 50 மி.மீ. லென்ஸ். ஸ்டூடியோவை மூடியதில் இருந்து உறையைத் திறக்கவே இல்லையாம். டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

அடித்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஸ்பேனர இங்கயே வச்சுட்டுப் போ" என்றார்.